வாசலில் மூலிகை... நோயின் பெயரிலும் அதே எழுத்து!

மேலே புல்லைக் குறிக்கும் கோடுகள், கீழே கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே இரண்டு கோடுகள். அவ்வளவுதான் இந்தச் சீன எழுத்து! நம்ம மருக்கொழுந்துக்குச் சொந்தமான, வாசனையுள்ள ஒரு மூலிகையின் பெயர். சீனர்களுக்கு இது 'ஐ'. ஜப்பானியர்கள் இதே எழுத்தை 'யோமோகி' என்று வாசிப்பார்கள். வியட்நாமில் 'ஙாய்'.

5-ம் மாதம் 5-ம் நாள் வரும் டிராகன் படகுத் திருவிழாவில், நோய் அண்டாமலிருக்க சீன வீட்டு வாசல்களில் இந்தச் செடியைத் தொங்கவிடுவார்கள்.

ஆச்சர்யம் என்னன்னா, சீனாவில் எய்ட்ஸ் நோயின் பெயரும் இந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. பொருளுக்காக அல்ல, ஒலிக்காக. தைவானிலோ, அதே ஒலியுள்ள 'காதல்' எழுத்தைப் போடுகிறார்கள்.

நோயின் பெயரிலேயே காதல் இருந்தால், நோயாளியைப் பார்க்கும் பார்வையும் மாறாதா? நீங்க எந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பீங்க?