கார்த்திகைப்பூவைக் குள்ளமாக்க வேண்டாம்

கார்த்திகைக் கொடியைப் பூச்சாடிக்குள் அடக்கி, ஒரு முழ உயரத்திலேயே பூக்கச் செய்து, புலம்பெயர் நாடுகளில் விற்கலாம் என்றொரு யோசனை அண்மையில் என்னிடம் கூறப்பட்டது. கூறியவர் தோட்டக்கலை கற்றவர், நல்ல நோக்கமுடையவர். நவம்பர் 27இல் ஒவ்வொரு வீட்டு யன்னலிலும் உயிருள்ள பூ இருக்கும் என்றார். நோக்கத்தை மதிக்கின்றேன்; யோசனையை முற்றாக மறுக்கின்றேன்.

எவ்வாறு குள்ளமாக்குவார்கள்? பக்லோபியூட்ரசோல் போன்ற வளர்ச்சித் தடுப்பியொன்றைச் சாடி மண்ணில் ஊற்றுவார்கள். தண்டை நீட்டுகின்ற ஜிபரலின் என்னும் ஓமோன் செடிக்குள் உருவாவதை அது தடுக்கின்றது. கலங்கள் நீளா, கணுக்கள் நெருங்கும், இலை கடும்பச்சையாகும். நத்தார்க் காலத்தில் கடைகளை நிறைக்கும் பொயின்செற்றியா, தன் தாயகமான மெக்சிக்கோவில் ஆளுயரத்தை மிஞ்சி வளரும் பற்றை என்பது அதை வாங்குவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் கார்த்திகைப்பூ பற்றையன்று, கொடி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதலில் நிற்கும் காந்தள் இதுவே. இதன் இலை நுனியே தந்தாக நீண்டு சுருண்டு, வேலியையோ மரக்கிளையையோ பற்றி ஏறுகின்றது. பற்றுவதற்கு எதுவுமில்லாத சாடியில் அந்த நுனிகள் வெறுங்காற்றில் சுருண்டு நிற்பதை அழகென்று சொல்ல என்னால் முடியவில்லை.

மருந்து பரம்பரையியல்பை மாற்றுவதுமில்லை. வீரியம் தீர்ந்ததும் கிழங்கிலிருந்து மீண்டும் கொடியே எழும். வாங்கியவர் அதை வீசிவிட்டு அடுத்த ஆண்டும் கடைக்குப் போவார். வியாபாரிக்கு இதில் என்ன நட்டம்? விதையிலிருந்து பூக்கும் பருவத்துக் கிழங்கு உருவாகச் சில ஆண்டுகள் செல்லும். பொறுமையற்ற வியாபாரம் காட்டைத்தான் தோண்டும்.

எனக்கு முதன்மையான விடயம் வேறு. இக்கொடி முழுவதிலும் கொல்சிசின் என்னும் நஞ்சுண்டு. கௌட் என்னும் மூட்டு நோய்க்கான மருந்து அதிலிருந்தே கிடைக்கின்றது. அதற்காகத் தமிழ்நாட்டில் விதைக்கென இதைப் பயிரிடுகின்றனர். ஆனால் உண்ணத்தக்க கிழங்கென எண்ணி இதன் கிழங்கைத் தின்று மாண்டோர் இலங்கையில் உளர். அத்தகைய செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதியவன் நான். வேலியோரத்தில் நின்றபோது, கிட்டப் போகாதே என்று பெரியோர் பிள்ளைகளைத் தடுத்தார்கள். அதையே தவழும் குழந்தைக்குக் கையெட்டும் இடத்தில், சிறு சாடியில், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே வைப்பதா? உணர்ச்சியின் பெயரால் எதையும் விற்றுவிடலாம் என்று நம்மவர் சிலர் எண்ணுகின்றனர்.

பூ வேண்டுமென்போர் பெரிய சாடியும் உயரமான தடிகளும் வைக்கட்டும். கிழங்கைக் கிடையாகப் புதைக்க வேண்டும். முளை நுனியில்தான் உண்டு, ஒடித்துவிடாதீர்கள். குளிர்நாட்டு முற்றத்தில் அது நவம்பரில் அன்று, கோடையிலேயே பூக்கும். பூக்கட்டும். பிள்ளைகளையும் நாய், பூனைகளையும் மட்டும் எட்ட வையுங்கள்.