புது எஞ்சின், பழைய வள்ளம்

புது அவுட்போர்டு எஞ்சினோடு வரும் கையேட்டில் ரன்னிங்-இன் பக்கம் நம்மில் பலருக்கு மனப்பாடம். மொத்தம் 10 மணி நேரம். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் முதல் மணி 2000 சுற்று, இரண்டாம் மணி 3000 சுற்று. மிச்ச எட்டு மணி வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டலாம். முழு வேகம் மட்டும் ஒரே இழுப்பில் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம் இருக்கும். இதை வாங்கியவரிடம் வாயால் சொல்லி, வாரண்டி அட்டையில் கையெழுத்து வாங்கிவிட்டால் மெக்கானிக்கின் வேலை முடிந்தது என்பதுதான் நடைமுறை. இந்த நடைமுறை போதாது. அந்தப் பக்கத்தை எழுதியவர் மனதில் இருந்த படகு வேறு, குளச்சலிலும் கடியபட்டணத்திலும் மணலில் ஏறிக் கிடக்கும் வள்ளம் வேறு.

2004 சுனாமிக்குப் பிறகு கரையில் பெருகிய ஃபைபர் வள்ளங்களில் எத்தனையோ இன்றும் தொழிலுக்குப் போகின்றன. மேலே பெயின்ட் புதிதாக இருக்கும். ஃபைபருக்குள் இருக்கும் பலகையும் நுரையும் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கும். ஒட்டுப்போட்ட இடமெல்லாம் எடை. இதோடு வலை, ஐஸ், நாலைந்து ஆள். இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு ‘பாதி ஆக்சிலேட்டர்’ என்று வாங்கியவரிடம் சொன்னால் அதற்கு என்ன பொருள்? கைப்பிடி பாதியில் நிற்கும். சுற்று ஏறாது, எஞ்சின் முக்கும். சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும். எஞ்சினை மெதுவாகத்தான் ஓட்டுகிறோம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்க, எஞ்சின் மலையேறிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பயந்து, முதல் நாள் முழுக்க ஐட்லிங்கிலேயே ஓடவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் கெடுதல்தான். பிஸ்டன் ரிங்கை சிலிண்டர் சுவரோடு அழுத்திப் பொருத்துவது உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம். லோடு இல்லாவிட்டால் அந்த அழுத்தம் இல்லை. சுவரில் இருக்கும் ஹோனிங் கோடுகள் தேய்ந்து ரிங் உட்காருவதற்கு முன்பே எண்ணெய் படிந்து வழவழப்பாகிவிடும். பிறகு அந்த எஞ்சின் ஆயுள் முழுக்க ஆயில் குடிக்கும். லோடு வேண்டும், ஆனால் மாறி மாறி வேண்டும். அதற்கு அளவுகோல் கைப்பிடி இல்லை, சுற்று. கைப்பிடி வைத்த சிறு எஞ்சின்களில் சுற்று மீட்டர் கிடையாது என்பது பெரிய தடையல்ல; பிளக் வயரில் சுற்றி மாட்டும் சின்ன டேக்கோமீட்டர் ஒன்று பட்டறைக்கு ஒன்றாக இருந்தால் போதும். முதல் மணி நேரம் மெக்கானிக் அதோடு வள்ளத்தில் ஏறிப் போக வேண்டும் என்பது என் கட்சி. போகாதவர் விற்றது பாதி எஞ்சின்தான்.

புரொப்பெல்லர் சரியா என்பதையும் அந்த மீட்டர்தான் சொல்லும். ரன்னிங்-இன் முடிந்ததும், வழக்கமான தொழில் பாரத்தோடு ஒரு நிமிடம் முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். கையேட்டில் 5000 முதல் 6000 என்று போட்டிருக்கும் எஞ்சின் 4400-லேயே நின்றுவிட்டால், கார்பரேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் வேண்டும். ஒரு அங்குல பிட்ச் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். “புது எஞ்சின்தானே அண்ணே, ஏன் இழுக்க மாட்டேங்குது?” என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இதுதான். பாரமான பழைய வள்ளம் என்று முன்பே தெரிந்தால், ரன்னிங்-இன் தொடங்கும்போதே பிட்ச் குறைந்ததை மாட்டிவிடுவது இன்னும் நல்லது.

எஞ்சினைத் தொங்கவிடும் பின்பலகைக்கு வருவோம். 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் 36 கிலோ சுமாருக்கு இருந்தது. அதே திறனில் ஃபோர்-ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தொடுகிறது. பழைய எஞ்சினுக்குப் போட்ட அதே ஓட்டையில் அதே போல்ட்டைப் போட்டு முறுக்குவது நம் ஊர் வழக்கம். முறுக்கும் முன் சின்ன சுத்தியலின் பிடிப்பக்கத்தால் பலகையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். உளுத்த இடம் மொத்தென்று ஊமையாகும். சந்தேகமான இடத்தில், உள்பக்கமாக, மெல்லிய பிட் போட்டு ஒரு துளை இட்டால் வெளியே வரும் தூள் உண்மையைச் சொல்லிவிடும். வெளுத்த காய்ந்த தூள் என்றால் துளையை எப்பாக்சி வைத்து அடைத்துவிடலாம். கறுத்த ஈரச் சக்கை வந்தால் எஞ்சினை அன்று மாட்டாதீர்கள், உரிமையாளர் எவ்வளவு முகம் சுளித்தாலும்.

முதல் ஓட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? மணற்கரையிலிருந்து தள்ளினால் அலை மடங்கும் இடத்தைத் தாண்ட முழு வேகம் கொடுத்தே ஆக வேண்டும்; அங்கே கையேட்டைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. போதாக்குறைக்குக் கலங்கிய மணலை இம்பெல்லர் உறிஞ்சும். ஆகவே முதல் இரண்டு மணியை சின்னமுட்டம், தேங்காய்பட்டணம் போன்ற துறைமுகத்தின் உள்ளிருந்து, வலை ஏற்றாமல் முடித்துவிட வேண்டும். இரண்டு மணி நேர எரிபொருள் வீண் என்பார்கள். அடுத்த எட்டு மணி தொழிலுக்குப் போகும் ஓட்டத்திலேயே கழிந்துவிடும், அதற்குத் தனிச்செலவு கிடையாது என்று கணக்கு சொல்லிக் கொடுங்கள்.

டூ-ஸ்ட்ரோக்கில் ரன்னிங்-இன் வரை 25 லிட்டருக்கு 1 லிட்டர், அதன்பின் 50-க்கு 1 என்பது பல மாடல்களின் அளவு. ‘ஆயில் கூடினால் நல்லதுதானே’ என்று 25-க்கு 1-லேயே வருடம் முழுக்க ஓட்டினால் கரி படிந்து ரிங் ஒட்டிக்கொள்ளும். பைக்குக்கு வாங்கும் 2டி ஆயில் அவுட்போர்டுக்கு ஆகாது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினில் முதல் மணி நேரம் முழுவதையும் பெட்ரோலிலேயே ஓட்டச் சொல்கிறேன். குறைந்த சுற்றில், சூடேறாத எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக எரியாது. பிளக் நனைந்து கறுக்கும்.

ஃபோர்-ஸ்ட்ரோக்காரர்கள் தினமும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும், குறைகிறதா என்று மட்டுமல்ல, ஏறுகிறதா என்றும். ரிங் உட்காராத நாட்களில் எரியாத பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். மெதுவாகவே ஓட்டும் படகில் இது அதிகம். அளவு மேல்கோட்டைத் தாண்டி பெட்ரோல் வாசமும் அடித்தால் முதல் சர்வீஸுக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

மற்றபடி முதல் சர்வீஸ் 20 மணி நேரத்தில். தினம் ஆறேழு மணி நேரம் ஓடும் வள்ளத்துக்கு அது மூன்று நாள் தொழில். அட்டையில் இருக்கும் ‘மூன்று மாதம்’ என்ற கணக்கு நம் கடற்கரைக்குப் பொருந்தாது. எஞ்சின் ஆயிலோடு கியர் ஆயிலையும் அன்றே மாற்றுங்கள். கியர் ஆயிலை வடிக்கும்போது பால் நிறம் தெரிந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. பின்பலகை போல்ட்டுகளையும் அன்று ஒரு சுற்று முறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய பலகை என்றால் அவை கண்டிப்பாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.