போய்ப் பார்த்தது யார்?

2023 மார்ச் முதல் வாரம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள் பாட்னாவிலிருந்து திருப்பூர் வரை கைபேசிகளில் சுற்றின. பீகார் சட்டப்பேரவையில் அமளி. செய்தித்தாளைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டதாகச் சொன்ன அன்றைய முதல்வர் நிதிஷ்குமார், விசாரிக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு, 'கிளம்பி வந்துவிடு' என்று ஊரிலிருந்து போன் மேல் போன்.

அந்த வீடியோக்களில் ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு தரப்பினர் தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த தகராறு. மற்றொன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. ரயில் நிலையங்களில் வடமாநிலத்தவர் கூட்டம் அலைமோதியதும் உண்மைதான். மார்ச் 8 ஹோலி, ஆண்டுதோறும் ஊருக்குப் போகும் கூட்டம் அது. இந்தப் படங்கள் எல்லாம் அசல். அவற்றின் மேல் ஒட்டிய ஒற்றை வரிதான் பொய்.

'பெரிய பத்திரிகையில் வந்தால் சரியாக இருக்கும்' என்ற பழைய நம்பிக்கையும் அந்த வாரம் கைகொடுக்கவில்லை. லட்சக்கணக்கில் விற்கும் இந்தி நாளிதழ் ஒன்றும் அந்தக் கதையை அச்சேற்றியிருந்தது. அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி மறுத்தார். போலீஸ் மறுப்பு என்பதற்காகவே அதை நம்ப வேண்டியதில்லை. உண்மையையும் மறுத்த வரலாறு எல்லா அரசுகளுக்கும் உண்டு. அந்த மறுப்பு நின்றதற்குக் காரணம் வேறு. எது எந்த ஊர், மோதியவர்கள் யார் யார் என்று, எவரும் சரிபார்க்கக்கூடிய விவரம் அதில் இருந்தது. பிறகு பீகார் அரசின் நான்கு பேர் குழு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது; அதுவும் அந்த மறுப்பையே உறுதிசெய்தது. தமிழ்நாட்டைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எதுவும் அந்தக் குழுவுக்கு இல்லை. இப்படிப்பட்ட சாட்சிக்குத்தான் எடை அதிகம்.

ஒரு செய்தியை நம்புவதா என்று யோசிக்கும்போது, எந்தச் சேனல் என்பதற்கு முன்பு கேட்க வேண்டியது: போய்ப் பார்த்தது யார்? ஊர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, நேரில் கண்டவர் பேசியிருக்கிறாரா, குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலைக் கேட்டிருக்கிறார்களா? 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'பரபரப்பு' என்று மட்டுமே முடியும் செய்தியில் பெரும்பாலும் யாரும் எங்கும் போயிருப்பதில்லை.

இந்தக் கேள்வி கேட்கப்படாததால் உயிர் போயிருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம் அது. அதில் இருந்த மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊரே திரண்டு அடித்ததில் அவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் குழந்தைக் கடத்தல் வதந்திகள்தான் பேச்சு.

அப்போது நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவின் கதை இது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில் அந்த இருவரும் திரும்பி வந்து, சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசி சில நொடிகளை யாரோ வெட்டியெடுத்தார்கள். அவ்வளவுதான் வேலை.

அத்திமூரில் நடந்தது போன்ற வதந்திக் கொலைகளுக்குப் பிறகுதான், 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பல கை மாறிய தகவலின் தலையில் இப்போது இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தால் விரலை நிறுத்தலாம். குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பியதாக இருந்தாலும் சரி. அவர் நல்லவர் என்பது அந்தச் செய்திக்குச் சான்று ஆகாது.

தமிழில் அடிக்கடி காணும் ஒரு மோசடி உண்டு: போலி நியூஸ் கார்டு. தந்தி, புதிய தலைமுறை, பாலிமர் என்று தெரிந்த லோகோ, தலைவரின் படம், அவர் சொல்லாத வாக்கியம். உற்றுப் பார்த்தால் எழுத்துரு மாறியிருக்கும், சில சமயம் எழுத்துப்பிழையும் இருக்கும். அந்தச் சேனலின் பக்கத்துக்கே போய் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று தேட இரண்டு நிமிடம் போதும். தேர்தல் நேரத்தில் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்காதவர், பிறர் வடித்த பொய்யைத் தன் பெயரில் விநியோகிக்கிறார்.

பொய் எது என்று அரசே முடிவு செய்யட்டும் என்பது தீர்வாகாது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் பொய் எது என்று தானே அறிவிக்க வழிசெய்த விதியை, 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. வழக்கில் சம்பந்தப்பட்டவரே நீதிபதியாக உட்காரக் கூடாது. கட்சி சார்ந்த சேனல்களுக்கும் இதே அளவுகோல்தான். தன் கட்சிக்குச் சங்கடம் தரும் செய்தியை அது சொன்னால் காது கொடுக்கலாம்; எதிர்க்கட்சியைப் பற்றிச் சொன்னால் இன்னொரு இடத்திலும் பார்க்க வேண்டும். ஒரு பெரிய ஊழல் செய்தி வரும் இரவில் எதிரெதிர்ச் சேனல்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், எது எதை விழுங்குகிறது என்பது தெரியும்.

நம்பகமான ஊடகமும் தவறும். தவறியபின் அது என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006-ல், வாசகர் புகார்களை விசாரித்துத் திருத்தம் வெளியிடுவதற்கென்றே தனி ஆசிரியரை நியமித்தது. தமிழில் அச்சுக்கும் தொலைக்காட்சிக்கும் அது அவசரத் தேவை. கொட்டை எழுத்தில் வந்த பிழைக்கு உள்பக்க மூலையில் இரண்டு வரி வருத்தம் போதாது. தவறு வந்த அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வர வேண்டும். வாசகர்கள் தேதியும் பக்க எண்ணும் குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுத வேண்டும், பதில் வரும்வரை எழுத வேண்டும்.