ஒனெசிமஸ் சொன்னதை யார் நம்பினார்கள்?

தடுப்பூசி வரலாறுன்னாலே 1796, எட்வர்ட் ஜென்னர்னுதான் ஆரம்பிப்போம். காலேஜ்ல எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. அதுக்கு 75 வருஷம் முன்னாடி பாஸ்டன்ல நடந்ததைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

ஒனெசிமஸ், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அடிமை. 1706-ல் காட்டன் மேத்தர் என்ற பாதிரியாருக்கு அவரது சபையார் 'பரிசாக' வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பேர் மேத்தர் பைபிளிலிருந்து எடுத்து வைத்தது. 'பயனுள்ளவன்' என்று அர்த்தம்.

உனக்குப் பெரியம்மை வந்திருக்கா என்று மேத்தர் கேட்டார். எங்க ஊர்ல கொப்புளத்து நீரை எடுத்துத் தோலைக் கீறி வைப்பாங்க, லேசா வந்து போயிடும், அப்புறம் வராது என்று சொல்லி, கையில் இருந்த தழும்பைக் காட்டினார் ஒனெசிமஸ்.

1721-ல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. மேத்தர் ஊர் வைத்தியர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். துணிந்தவர் ஸப்டியல் பாய்ல்ஸ்டன் ஒருத்தர்தான். காலேஜ் பக்கமே போகாதவர். சொந்த மகனுக்கே கீறி வைத்தார்.

எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் யார் தெரியுமா? ஊரிலேயே முறையாகப் பட்டம் வாங்கிய டாக்டர், வில்லியம் டக்ளஸ். இதனால் நோய் இன்னும் பரவாதா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி, நானும் கேட்டிருப்பேன். ஆனா, ஆப்பிரிக்கர்கள் பொய்யர்கள், அவங்க பேச்சை நம்பலாமான்னும் எழுதினார் பாருங்க, அங்கதான் அவர் டாக்டரா இல்லாம போயிட்டார். மேத்தர் வீட்டுக்குள் யாரோ வெடிகுண்டே வீசினார்கள். நல்லவேளை, வெடிக்கவில்லை.

கடைசியில் கணக்கு பேசியது. தானாக அம்மை வந்தவர்களில் சுமார் 14% பேர் இறந்தார்கள். கீறிக்கொண்டவர்களில் சுமார் 2%.

உடனே மேத்தரைத் தூக்கிக் கொண்டாடாதீங்க. ஒனெசிமஸின் சொல்லை நம்பினார், ஆளை விடவில்லை. 1716-ல் தனக்குப் பதிலாக இன்னோர் அடிமை வாங்கப் பணம் கொடுத்துத்தான் ஒனெசிமஸ் வெளியே வர முடிந்தது. அப்பவும் கூப்பிட்டா வந்து வேலை செய்யணும்னு கண்டிஷன்!

இதை ஏன் இப்ப எழுதறேன்? நானும் டக்ளஸா இருந்திருக்கேன். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பையன், விடாத காய்ச்சல். "காலா அஜார், அண்ணனுக்கும் வந்துச்சு"ன்னு அரைகுறைத் தமிழ்ல சொன்னான். அதெல்லாம் இங்க ஏதுப்பான்னு டைபாய்டு, டெங்குன்னு டெஸ்ட் எழுதினேன். மண்ணீரல் வீங்கினதைக் கையால தொட்டுப் பார்த்த பிறகும் ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம்தான் அவன் சொன்ன டெஸ்ட்டை எடுத்தேன். பாசிட்டிவ்.

பிழைச்சுட்டான். அண்ணனுக்கு எப்போ வந்துச்சு, என்ன மருந்து கொடுத்தாங்கன்னு டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். மருந்து பேர் உட்பட எல்லாம் கரெக்டா சொன்னான்.