எம்டனை முடித்தவர்

தி.நகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. "எங்கப்பா சரியான எம்டன்டா! மார்க் ஷீட்டை எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிச்சுடறார்" என்று ஒரு காலேஜ் பையன் புலம்பல். "எம்டன்னா என்னடா?" என்றான் நண்பன். "2006-ல படம் வந்துச்சே, 'எம்டன் மகன்'னு பேர் வெச்சு அப்புறம் 'எம் மகன்'னு மாத்தினாங்களே..." அதோட சரி!

பாஸ், எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப்போர் சமயம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டு எஸ்கேப். ஊரே மிரண்டு மூட்டை கட்டியது. (அப்போ தி.நகரே கிடையாது. மாம்பலம் பக்கம் நீளமா ஒரு ஏரிதான்!)

கப்பல் பேர் நம்ம வீட்டு அப்பாக்களுக்கு வந்துடுச்சு. ஆனா அந்த எம்டனையே முடித்தவர் பேர் யாருக்காவது தெரியுமா?

ஜான் கிளாசப். பதின்ம வயதிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தவர். 1913-ல் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பலுக்கு கேப்டன். 1914 நவம்பர் 9, கோகோஸ் தீவுகள் அருகே ரெண்டு கப்பலும் மோதின. சிட்னியின் பீரங்கிகள் பெரிசு. நொறுங்கிப்போன எம்டனை அதன் கேப்டன் முல்லரே பவளப்பாறையில் ஏற்றி நிறுத்திவிட்டார்.

இங்கேதான் சிக்கல். தப்பி ஓடிய எம்டனின் துணைக்கப்பலைத் துரத்திவிட்டு சாயங்காலம் திரும்பினார் கிளாசப். எம்டனில் ஜெர்மன் கொடி இன்னும் பறக்குது. 'சரணடைகிறாயா?' என்று சிக்னல் கொடுத்தார். பதில் இல்லை. கொடி இறங்காதவரை எதிரி எதிரிதான். மறுபடி சுட்டார். கொடி இறங்கியது. அசையவே முடியாத கப்பல்மேல் சுட நேர்ந்தது அவர் மனசை ரொம்பவே உறுத்தியது. அந்தப் போரில் ஜெர்மானியர் 134 பேர் பலி. சிட்னியில் 4 பேர்.

மறுநாள் காயம்பட்ட எதிரிகளைத் தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டார். கொழும்பில் ஊரே ஆரவாரத்துக்குத் தயார். 'கப்பலில் காயம்பட்டவங்க இருக்காங்க, யாரும் கைதட்ட வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். சத்தமே இல்லாமல் கரைக்கு வந்தது ஜெயித்த கப்பல்.

அதற்கப்புறம் பெரிய சண்டை எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. ரிட்டயர் ஆகி 1934-ல் காலமானார்.

தோற்ற எம்டன் தமிழில் ஒரு வார்த்தையாவே நிக்குது. ஜெயித்தவர் பேர் நிக்கலை. அடுத்த இன்டர் காலேஜ் மேட்ச்ல நீங்க கப் அடிக்கும்போது, எதிர் டீம்ல ஒருத்தன் கால் நொண்டிக்கிட்டுப் போனா, விசிலை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. கிளாசப்புக்கு நாம வைக்கிற சிலை அதுதான்!