'சூப்பர்' என்ற பதிலால் பாட்டுக்கு என்ன லாபம்?

வீட்டிலேயே ஒரு பாட்டை ரெக்கார்ட் செய்து நாலு பேருக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஒருவர் 'சூப்பர்' என்பார். அடுத்தவர் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிடுவார். மூன்றாமவர் 'செம ப்ரோ!' அதோடு சரி. பாட்டில் எது எடுபட்டது, எது சறுக்கியது என்று ஒரு வரிகூடக் கிடைக்காது. வீட்டில் இசை செய்பவர்களுக்கு மோசமான மைக்கைவிட இந்த 'சூப்பர்'தான் அதிகக் கெடுதல் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இருப்பது திருவொற்றியூரில். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, படகும் வலையும் கறுத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி ஒரு பாட்டு செய்ய ஆசைப்பட்டேன். மெட்டும் குரலும் என்னுடையது. பாட்டு எழுதிய நண்பர் கோவையில் இருக்கிறார். டோலக்கும் பேஸும் வாசித்த நண்பர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை!

இது ஒன்றும் புதிய வழி அல்ல. அமெரிக்காவில் இரண்டு இசைக்கலைஞர்கள் தபாலில் இசையை அனுப்பி அனுப்பியே ஒரு ஆல்பத்தை உருவாக்கி, 2003ல் வெளியிட்டார்கள். குழுவுக்கு 'தி போஸ்டல் சர்வீஸ்' என்றே பெயர் வைத்தார்கள். இன்று நமக்குத் தபால்காரர்கூட வேண்டாம். 2000ம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாஃப்ட்வேர், ஒரு சுமாரான மைக், இன்டர்நெட் இணைப்பு. இவை போதும்.

நான் ரெக்கார்ட் செய்தது இரவு ஒரு மணிக்கு மேல். கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் அப்போதுதான் கொஞ்சம் அடங்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, கம்பளியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, உள்ளே நின்று பாடினேன். எதிரொலி குறைய இதைவிடச் செலவில்லாத வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் பதினோரு மிக்ஸ் ஆயிற்று. மூவருக்கும் திருப்தி. தெரிந்தவர்களுக்கு அனுப்பினோம். எல்லாரும் 'சூப்பர்' என்றார்கள். சனிக்கிழமை யூடியூபில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை, கீழ் வீட்டு அக்காவிடம் அவர் போனிலேயே போட்டுக் காட்டினேன். அவர் பிறந்த ஊர் முகத்துவாரகுப்பம். மீன் விற்கிறார். அந்த எண்ணெயில் வலையை இழந்தவர் அவர் கணவர். பாட்டு முடிந்ததும் அக்கா சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

"இன்னா தம்பி, கழிமுகம் கழிமுகம்னு பாடுறியே, அது இன்னாது?"

"முகத்துவாரந்தான்கா."

"அத்த அப்டியே சொல்லேன். எங்க ஊரு பேர்லயே அதான இருக்குது?"

அடுத்து, "மோளம் அடிக்கறவரு உன் பின்னாலயே ஓடியாற மாதிரி கீது" என்றார். கடைசியாக, "வல போச்சுன்னு பாடுற எடத்துல ஒண்ணுமே கேக்கல" என்றார்.

மூன்றே வாக்கியம். யாருக்காகப் பாடினேனோ அவருக்கே பாட்டின் முக்கியமான சொல் புரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்லோடை நிறுத்தினேன்.

அக்கா சொன்னதை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். டோலக் உண்மையிலேயே பிந்தித்தான் வந்தது. சிங்கப்பூர் நண்பர் ப்ளூடூத் ஹெட்போனில் என் பாட்டைக் கேட்டபடி வாசித்திருக்கிறார். ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்து சேர வினாடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் தாமதமாகும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அப்படியானால் டோலக்காரர் 34 மீட்டர் தள்ளி, தெருமுனையில் நின்று வாசித்தது போலத்தான்! இருநூறு முறை கேட்ட எங்கள் காதுக்கு அது பழகிப்போயிருந்தது.

'வலை போச்சு' வரும் இடத்தில் டோலக்கை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் விட்டிருந்தோம். ஹெட்போனில் உருக்கமாக இருந்தது. போனின் சின்ன ஸ்பீக்கரில் அவ்வளவு தாழ்ந்த ஒலி வரவே வராது. அக்காவுக்கு அங்கே கேட்டது வெறும் மௌனம்.

இனிதான் கஷ்டமான பகுதி. டோலக் ட்ராக்கை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டு, நண்பரிடம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து, காசு வாங்காமல் வாசித்தவர். அவர் மனம் நோகக்கூடாதே! ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த பாட்டிலும் அதே தவறு நடக்கும். சொன்னேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒயர் உள்ள ஹெட்போனில் புதிதாக வாசித்து அனுப்பினார். முன்பைவிட நன்றாக இருந்தது.

கோவை நண்பர் சண்டையே போட்டார். 'முகத்துவாரம்' மெட்டில் உட்காராது என்றார். அவருக்கு ஒரு பாட்டை நினைவுபடுத்தினேன். 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்கு பாடல்'. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே.ஸ்ரீராம்குமார் இசையமைத்து, டி.எம்.கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடியது. கர்நாடக ராகங்களிலேயே சென்னைப் பேச்சு உட்காரும்போது, என் மெட்டு எம்மாத்திரம்? மெட்டை மாற்றினேன், சொல் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எங்கள் வடசென்னையில் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. சாவு வீட்டில் இரவு முழுக்க கானா பாடுபவருக்குக் கேட்பவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு பிடித்தால் கூடவே பாடுவார்கள். பிடிக்காவிட்டால் டீ குடிக்க எழுந்து போவார்கள். அதுதான் கருத்து! கதவைச் சாத்திக்கொண்டு பீரோவுக்குள் பாடுகிற நாம் அதை இழந்துவிட்டோம். ஆகவே அதை நாமேதான் தேடிப் போக வேண்டும்.

என் அனுபவத்தில் கற்ற சில யோசனைகள்:

1. 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். அதற்கு 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். 'எந்தச் சொல் புரியவில்லை? எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று தோன்றியது?' என்று கேளுங்கள்.

2. பாட்டு யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவரிடம் முதலில் போட்டுக் காட்டுங்கள். வரிகளைக் கையில் கொடுக்காதீர்கள்.

3. அவர்கள் தினமும் பாட்டுக் கேட்கும் போனிலேயே போடுங்கள். ஹெட்போன் நம் காதுக்கு மட்டும்.

4. இரண்டு மிக்ஸை ஒப்பிடக் கொடுத்தால் சத்த அளவு ஒன்றாக இருக்கட்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே நல்லது என்று நம் காது ஏமாறும். ஆடாசிட்டியில் உள்ள 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' எஃபெக்ட் இதைச் சரிசெய்யும்.

5. குழுவுக்குள் ட்ராக்குகளை வேவ் ஃபைலாகவே அனுப்புங்கள். சிடி தரத்தில் ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

6. வேலை தொடங்கும் முன்பே குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குறை சொல்வது பாட்டை, ஆளை அல்ல. வந்த கருத்தை மறைக்காமல் மூவருக்கும் அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள்.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்ன சரியில்லை என்று கேட்பவர் சொன்னால் நம்புங்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்பது உங்கள் வேலை. அக்காவுக்கு ப்ளூடூத் பற்றித் தெரியாது. ஆனால் மோளம் பின்னால் ஓடிவருவது அவருக்குத் தெரிந்தது.

பன்னிரண்டாவது மிக்ஸை அக்காவிடம் போட்டுக் காட்டினேன். இந்த முறையும் 'சூப்பர்' என்று சொல்லவில்லை. "இத்த எங்க ஊட்டுக்காரருக்கு அனுப்பு தம்பி" என்றார்.

அன்று இரவே அப்லோட் செய்துவிட்டேன்!