கலர் இல்ல, கான்ட்ராஸ்ட்!

வெள்ளைத் தட்டுல தயிர்சாதம். உங்க கண்ணுக்குச் சாதம் தெரியும். டிமென்ஷியா உள்ள ஒரு பாட்டிக்கு அது தட்டோட கலந்து மறைஞ்சே போகலாம். "பசி இல்ல போல"ன்னு நாம தட்டை எடுத்துடுவோம்.

அல்சைமர் முற்றிய 9 பேரிடம் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. வெள்ளைத் தட்டு, டம்ளருக்குப் பதில் அடர் சிவப்பு கொடுத்ததும், சாப்பிட்டது 25 சதவீதம், குடிச்சது 84 சதவீதம் கூடிச்சு. இன்னிக்கும் "டிமென்ஷியாவுக்குச் சிவப்புத் தட்டு"ன்னு விக்கிறாங்க. ஆனா அதே ஆய்வுல அடர் நீலமும் பலன் தந்தது. வெளிர் சிவப்பு தரல. அப்போ விஷயம் நிறம் இல்ல, பின்னணியோட அது காட்டுற வேறுபாடு.

பாத்ரூமைப் பாருங்க. வெள்ளை டைல்ஸ், வெள்ளை கமோடு, வெள்ளை சீட். எங்கே உட்காருவது? சீட்டும் கைப்பிடியும் மட்டும் அடர் நிறமா இருந்தா போதும். தரையில் நேர் எதிர்: கறுப்பு மிதியடி அவங்களுக்குக் குழியாகத் தெரியலாம்; அங்கே வேறுபாடே வேண்டாம்.

விழுந்த பிறகு அலாரம் அடிக்கிற சென்சாரைத்தான் நாம ப்ராஜெக்டா செய்றோம். விழாம இருக்க ஒரு சீட்டை மாத்துறதும் இன்ஜினியரிங்தான்.

இன்னிக்கு உங்க வீட்டு பாத்ரூமை போன்ல கறுப்பு-வெள்ளைப் படமா எடுங்க. கமோடு சுவரோட கலந்து காணாம போனா, முதல்ல மாத்த வேண்டியது அதைத்தான்.